டயாட்டத்தில் யூரியா சைக்கிள் இருக்கிறதாம், அப்படியானால் யூரியா போட்ட குட்டை ஏன் பச்சையானது?

உப்பனாறு கேட்டது:

சீர்காழிக்குக் கிழக்கே, திருமுல்லைவாசல் போகிற வழியில் எனக்கு இரண்டு இறால் குட்டைகள், தலா முக்கால் ஏக்கர். வனாமி ரக இறால்தான். குஞ்சு விட்டு இன்றைக்கு 48 நாள். நாற்பதாவது நாள் வரை இரண்டிலும் தண்ணீர் பிரமாதமாக இருந்தது, வரக்காப்பியில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினால் வருமே அந்த நிறம். அப்புறம் ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் கொட்டியதில் உப்பு லிட்டருக்கு 22 கிராமிலிருந்து 15க்கு இறங்கி, தண்ணீர் வெளிறி அடி தெரிய ஆரம்பித்துவிட்டது.

என் அக்கா மகள் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிறாள். கலர் போன கதையைப் போனில் சொன்னபோது, "மாமா, அந்தப் பழுப்பு நிறமே டயாட்டம்தான், கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் பாசி. நம்ம கல்லீரல்ல இருக்கிற யூரியா சைக்கிள் அதுக்குள்ளயும் இருக்கு, அதோட ஜீனோம், அதாவது மொத்த ஜீன் தொகுப்பு, படிச்சப்பதான் தெரிஞ்சுது" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. யூரியா சைக்கிள் இருக்கிறதென்றால் யூரியா தின்னும் என்றுதானே அர்த்தம்? சம்பாவுக்கு வாங்கிய மூட்டை வீட்டில் கிடந்தது. வடக்குக் குட்டைக்கு மட்டும் ஐந்து கிலோ கரைத்து ஊற்றினேன். ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் கோயில் குளம் மாதிரி பச்சை. தெற்குக் குட்டைக்கு ஒன்றும் போடவில்லை, அது வெளிறியபடியே நின்று இப்போது மெல்லப் பழுப்பு ஏறுகிறது.

மருந்துக் கடையில் "டயாட்டம் பவுடர்" என்று ஒரு பை கொடுத்தார்கள், கிலோ 400 ரூபாய். வடக்கில் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. இறால் தின்கிறதா என்று பார்க்க வைக்கிற செக் ட்ரேயில் தீவனம் மிச்சம் விழுகிறது. அக்கா மகளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், பரீட்சை முடிந்து வந்து விளக்குகிறேன் என்கிறாள். அதற்குள் என் குட்டை போய்விடும். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

மூணுபோகம்:

தம்பி, யூரியாவை நெல்லுக்குப் போடும்போதே இலைக் கலர் பார்த்துத்தான் போடுகிறோம், நீ உயிர் கிடக்கிற தண்ணீரில் ஐந்து கிலோவை ஊற்றிவிட்டு ஏன் பச்சையாச்சு என்று கேட்கிறாய். பயிர் பச்சையாகத்தானே யூரியா?

முதலில் தண்ணீருக்குக் காற்று ஏற்றுகிற ஏரேட்டரை ராத்திரி பூரா ஓட்டு. இந்தப் பச்சை ஒருநாள் மொத்தமாகச் செத்து விழும், அன்றைக்கு விடியற்காலையில் இறால் எல்லாம் கரையோரம் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எனக்கு ஒருமுறை நடந்தது, கிலோவுக்கு 60 இறால் நிற்கிற சின்ன அளவிலேயே அவசரமாகப் பிடித்தேன். டீசல் காசு பார்க்காதே.

எங்கள் பக்கம் சிலர் உமிச் சாம்பல் போட்டுக் கலர் எடுக்கிறார்கள். என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாது, படித்தவர்கள் சொல்லட்டும்.

---

ஹேட்சரி_பையன்:

சொந்த ஊர் தரங்கம்பாடி, வேலை மரக்காணம் பக்கம் ஒரு ஹேட்சரியில். பாசி வளர்க்கிற ஆல்கா ரூம்தான் என் பொறுப்பு. இறால் குஞ்சு ஜோயியா என்ற ஆரம்ப நிலையில் இருக்கும்போது கீட்டோசிராஸ் என்கிற டயாட்டம் கொடுக்க வேண்டும், அதை டெஸ்ட் டியூபில் தொடங்கி ஃபிளாஸ்க், கேன், டேங்க் என்று பெருக்கிக்கொண்டே போவோம். உரக் கலவைக்கு எஃப் பை 2 என்று பெயர், பல வருடங்களாக உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதில் நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு மாதிரி நுண்சத்துகள், வைட்டமின் பி1, பயோட்டின், பி12 எல்லாம் இருக்கும். டயாட்டத்துக்கு மட்டும் கூடுதலாகச் சோடியம் சிலிக்கேட்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சிலிக்கேட் பாட்டிலை மறந்துவிட்டேன். மற்ற எல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். இரண்டாம் நாள் கேன் அப்படியே நின்றுவிட்டது, சாகவும் இல்லை வளரவும் இல்லை. டெக்னீஷியன் அண்ணன் கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி போடலயாடா?" என்றார். அன்றிலிருந்து மறந்ததில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, வடக்குக் குட்டையில் குறைவது யூரியா இல்லை, கண்ணாடி, அதாவது சிலிக்கா. ஆனால் அளவு தெரியாமல் சிலிக்கேட்டை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், அது நல்ல காரம், கையில் பட்டால் வழவழவென்று இருக்கும், தண்ணீரின் காரத்தைக் காட்டுகிற பி.எச். ஏறிவிடும்.

---

வெள்ளாற்றுக்கரை:

உப்பனாறு அண்ணா, உங்கள் அக்கா மகள் சொன்னது முழுக்கச் சரி. நீங்கள் பாதியில் போனை வைத்ததுதான் பிரச்சினை. நானும் பரங்கிப்பேட்டையில் படித்தவள்தான், டயாட்டமும் பாக்டீரியாவும்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004ல் தலாசியோசைரா சூடோநானா என்கிற டயாட்டத்தின் ஜீனோமை முழுக்கப் படித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 3.4 கோடி டி.என்.ஏ. எழுத்து, 11 ஆயிரத்துக்கு மேல் ஜீன். அதில் ஒரு முழு யூரியா சைக்கிள் கிடந்தது. செடிகளிலும் பச்சைப் பாசிகளிலும் அது முழுதாகக் கிடையாது, விலங்குகளின் சமாச்சாரம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெயிலில் சமைத்துச் சாப்பிடுகிற ஒரு செல்லுக்கு இது எதற்கு?

நம் டெல்டா பாஷையில் சொன்னால், நம் உடம்பில் யூரியா சைக்கிள் ஒரு வடிகால். வேண்டாத நைட்ரஜனைச் சேர்த்து வெளியே தள்ளும். டயாட்டத்தில் அதுவே பாசன வாய்க்கால். செல்லுக்குள் உடைந்து கிடக்கிற நைட்ரஜனையும் கார்பனையும் பிடித்து, எந்த வயலுக்கு வேண்டுமோ அந்தப் பக்கம் மடை திறந்துவிடும். 2011ல் ஃபியோடாக்டிலம் என்கிற இன்னொரு டயாட்டத்தில் இந்த வாய்க்காலின் தலைமதகாக இருக்கும் நொதியை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். நைட்ரஜன் பட்டினி போட்டு, பிறகு நைட்ரஜன் கொடுத்தால் சாதாரண டயாட்டம் சட்டென்று எழுந்துகொள்கிறது, மதகு குறைந்தது திணறுகிறது. கடலில் இது பெரிய விஷயம். கீழிருந்து சத்துள்ள தண்ணீர் மேலே வருவது எப்போதாவதுதான், வந்த அன்றைக்கே முந்திக்கொள்கிறவன்தான் பிழைப்பான். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்த ராத்திரியே நாற்று விட ஆளோடு தயாராக நிற்கிறவர் மாதிரி. வெளியிலிருந்து ஊற்றிய யூரியாவை உடைப்பது யூரியேஸ் என்ற வேறு நொதி, அது டயாட்டம், பச்சைப் பாசி, பாக்டீரியா என்று பலரிடமும் உண்டு. பந்தி எல்லோருக்கும்தான்.

சரி, அப்படியானால் ஏன் பச்சை ஜெயித்தது? ஹேட்சரி_பையன் சொன்ன கண்ணாடிதான். டயாட்டத்தின் உடம்பு சோப்பு டப்பா மாதிரி, மேல் மூடி ஒன்று, கீழ்த்தட்டு ஒன்று, இரண்டும் சிலிக்கா. செல் இரண்டாகப் பிரியும்போது ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு, மிச்சப் பாதியை அதற்குள் பொருந்துகிற மாதிரி புதிதாகச் செய்துகொள்ளும். (அதனால் ஒரு வாரிசு தலைமுறைக்குத் தலைமுறை சின்னதாகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் ஆண் பெண் சேர்க்கை நடந்துதான் பழைய அளவுக்குத் திரும்பும். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.) தண்ணீரில் கரைந்த சிலிக்கா தீர்ந்துபோனால் புதுப் பாதி செய்ய முடியாது, செல் பிரிவது அப்படியே நின்றுவிடும். அவருடைய கேனில் நடந்தது அதுதான். கடல் டயாட்டத்துக்குத் தோராயமாக ஒரு நைட்ரஜன் அணுவுக்கு ஒரு சிலிக்கான் அணு வேண்டும். பச்சைப் பாசிக்கும் நீலப்பச்சைக்கும் அந்தச் செலவே கிடையாது.

உங்கள் கணக்கைப் பாருங்கள். மழைத் தண்ணீரில் சிலிக்கா அநேகமாக இல்லை, அதனால் மூன்று நாள் மழையில் இருந்ததும் நீர்த்துப்போனது. தினமும் போடுகிற தீவனத்தில் புரதம் நிறைய, அதில் இறால் உடம்பில் சேர்வதைவிடத் தண்ணீரிலும் அடிச் சேற்றிலும் தங்கும் நைட்ரஜன்தான் அதிகம். ஆக நைட்ரஜன் ஏற்கெனவே கூடுதல், சிலிக்கா குறைவு. அதன்மேல் ஐந்து கிலோ யூரியா. தராசின் கனத்த தட்டிலேயே இன்னொரு கல்லை வைத்துவிட்டீர்கள். தெற்குக் குட்டையில் எதுவும் செய்யாததால்தான் அது பிழைத்தது.

இதில் ஒரு அழகு உண்டு, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அந்தக் கண்ணாடியைச் செய்கிற வேலையில் பாலிஅமைன் என்ற நீளச் சங்கிலி மூலக்கூறுகள் இருக்கின்றன, அவை பட்டால்தான் கரைந்த சிலிக்கா கெட்டியாகிப் படியும். அந்தப் பாலிஅமைனுக்கு மூலப்பொருள் ஆர்னிதைன். ஆர்னிதைன் வருவது அதே யூரியா சைக்கிளிலிருந்து. அந்த வாய்க்காலின் ஒரு கிளை நேராகக் கண்ணாடி செய்கிற பட்டறைக்கே போகிறது. உங்கள் அக்கா மகள் போனில் அடுத்துச் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும்.

மூணுபோகம் அய்யா சொன்ன உமிச் சாம்பலும் வெறும் நம்பிக்கை இல்லை. களை எடுக்கும்போது நெல் தாள் கையை அறுக்கிறதே, அது சிலிக்காதான், வேர் மண்ணிலிருந்து உறிஞ்சித் தாளிலும் உமியிலும் சேர்த்து வைத்தது. டயாட்டமும் நெல்லும் குடிப்பது ஒரே சிலிசிக் அமிலம். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஆனால் ரைஸ் மில் பாய்லரில் அதிகச் சூட்டில் எரிந்து வெளுத்த சாம்பலில் அது படிகமாகிவிடும், லேசில் கரையாது. குறைந்த சூட்டில் எரிந்தது பரவாயில்லை, அதுவும் மெதுவாகத்தான் கரையும். குட்டை தயாரிக்கும்போது போட்டால் பயன்படும், 48வது நாளில் அவசரத்துக்கு உதவாது.

---

உப்பனாறு:

அம்மா, இரண்டு தடவை படித்தேன். வடிகால் வாய்க்கால் உதாரணம் புரிந்துவிட்டது. அந்தப் பவுடர் பையை இப்போதுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன், பொடி எழுத்தில் "டயாட்டமேசியஸ் எர்த்" என்று இருக்கிறது. அது டயாட்டம் இல்லையா?

---

வெள்ளாற்றுக்கரை:

டயாட்டம்தான் அண்ணா, செத்துப் பல லட்சம் வருடம் ஆனது. பழைய கடல், ஏரி அடியில் படிந்த ஓடுகளை வெட்டி எடுத்து அரைத்த மாவு அது. வடிகட்டிக்கும் பூச்சி மருந்துக்கும் நல்லது. நோபல் டைனமைட் செய்ததே இந்த மண்ணில் நைட்ரோகிளிசரினை ஊற வைத்துத்தான். ஆனால் அதைப் போட்டு உயிருள்ள டயாட்டம் வரும் என்பது, சங்கை அரைத்துப் போட்டால் நத்தை வரும் என்பது மாதிரி. அது சிலிக்காவாகக் கரைவதற்குள் உங்கள் அறுவடை முடிந்துவிடும்.

---

ஹேட்சரி_பையன்:

அக்கா, எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். பி12 எதற்குப் போடுகிறோம்? லிட்டருக்கு அரை மைக்ரோகிராம், அவ்வளவுதான். கடலில் யார் வந்து போடுகிறார்கள்?

---

வெள்ளாற்றுக்கரை:

பாக்டீரியா போடுகிறது தம்பி. பி12 செய்கிற வித்தை பாக்டீரியாவுக்கும் ஆர்க்கியா என்ற இன்னொரு நுண்ணுயிர்க் கூட்டத்துக்கும் மட்டுமே தெரியும். மாட்டுக்கே வயிற்றுக்குள் இருக்கிற நுண்ணுயிர்தான் செய்து கொடுக்கிறது. பாசிகளில் பாதிக்குப் பாதி பி12 இல்லாமல் வளராது என்று 2005ல் கணக்கெடுத்தார்கள், அதை பாக்டீரியாவிடமிருந்துதான் வாங்குகின்றன என்றும் காட்டினார்கள். நான் சொன்ன தலாசியோசைராவுக்கு அது கட்டாயம் வேண்டும். ஃபியோடாக்டிலத்துக்கு பி12 இல்லாமலே மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் செய்கிற மாற்று நொதி ஒன்று ஜீனோமில் இருப்பதால் சமாளித்துக்கொள்ளும். ஜீனோம் படிப்பதில் இந்த மாதிரி விஷயம்தான் எனக்குப் பிடித்தது, யார் யாரிடம் கடன் வாங்கிப் பிழைக்கிறார்கள் என்ற கணக்கு நோட்டு அதில் இருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். சூடோ-நிட்சியா என்ற டயாட்டத்தோடு சல்ஃபிட்டோபாக்டர் என்கிற பாக்டீரியா ஒட்டிக் கிடக்கும். டயாட்டம் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் கசியவிடுகிறது, பாக்டீரியா அதை வாங்கி இன்டோல் அசிட்டிக் அமிலமாக்கித் திருப்பித் தருகிறது, உடனே டயாட்டம் வேகமாகப் பிரிகிறது. 2015ல் வந்த ஆய்வு. இன்டோல் அசிட்டிக் அமிலம் வேறொன்றும் இல்லை, செடியில் வேரும் தளிரும் வளரச் செய்கிற ஆக்ஸின். நர்சரியில் குச்சியை நடுவதற்கு முன் தொட்டு வைக்கிற வேர் ஊக்கிப் பவுடரும் அதே குடும்பம்தான்.

வாங்குவது மட்டும் இல்லை, மொத்தமாகச் சுருட்டியதும் உண்டு. ஃபியோடாக்டிலத்தில் 587 ஜீன்களாவது பாக்டீரியாவிலிருந்து வந்தவை என்று 2008ல் சொன்னார்கள். டயாட்டத்தின் குளோரோபிளாஸ்டே ஒரு காலத்தில் விழுங்கப்பட்ட சிவப்புப் பாசிதான், அதனால்தான் அதைச் சுற்றி நான்கு சவ்வு.

---

கோடியக்கரை:

உப்பளத்து ஆள். குட்டைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, ஆனால் படிக்கப் படிக்க ஒரு கேள்வி. கடலில் இரும்புத் தூள் தூவினால் டயாட்டம் பெருகிக் காற்றில் உள்ள கரியை இழுத்துக்கொண்டு அடியில் போய்விடும் என்று ஒரு காலத்தில் பத்திரிகையில் எழுதினார்களே, அது என்ன ஆச்சு?

---

வெள்ளாற்றுக்கரை:

அதுவும் உப்பனாறு அண்ணன் குட்டைக் கதைதான், கொஞ்சம் பெரிய குட்டை. 2009ல் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெக்னர் நிறுவனமும் சேர்ந்து தென் பெருங்கடலில் லோஹாஃபெக்ஸ் என்று ஒரு சோதனை செய்தார்கள். போலார்ஸ்டெர்ன் கப்பலில் போய் 300 சதுர கிலோமீட்டரில் 6 டன் இரும்பைக் கரைத்துவிட்டார்கள். பாசி பெருகியது, ஆனால் டயாட்டம் இல்லை. அந்த இடத்துத் தண்ணீரில் சிலிக்கா ஏற்கெனவே தீர்ந்திருந்தது. ஓடில்லாத சின்னப் பாசிகள்தான் வளர்ந்தன, அவற்றைக் கோபிபாடுகள் என்ற நுண்ணிய மிதவை உயிர்கள் மேய்ந்துவிட்டன, அடிக்குப் போன கரி கொஞ்சம்தான். இரும்பு இருந்தது, நைட்ரஜன் இருந்தது, கண்ணாடி இல்லை.

அந்தக் கண்ணாடி கடலுக்கு வருவது பெரும்பாலும் ஆற்றில். மலைப்பாறை கரைந்து வருவது அது, உலக ஆறுகளின் சராசரி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கிட்டத்தட்ட. அணையில் தண்ணீர் தேங்கினால் அங்கேயே நன்னீர் டயாட்டம் வளர்ந்து சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். டான்யூப் ஆற்று அணைக்குப் பிறகு கருங்கடலில் டயாட்டம் குறைந்து மற்ற பாசி பெருகியதை 1997ல் இப்படித்தான் விளக்கினார்கள்.

---

மூணுபோகம்:

எல்லாம் சரி, தம்பி இப்போது என்ன செய்யணும் என்று யாரும் சொல்லவில்லையே.

---

வெள்ளாற்றுக்கரை:

மன்னிக்கணும் அய்யா, பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டேன்.

அண்ணா, பவுடர், யூரியா இரண்டையும் மூட்டை கட்டுங்கள். தீவனத்தைக் குறையுங்கள், ட்ரே காலியாகிற அளவுக்கு மட்டும். மதியம் மூன்று மணிக்கு பி.எச். பாருங்கள், பச்சைத் தண்ணீரில் வெயிலுக்கு 9 வரை ஏறும், 8லிருந்து 9க்குப் போனால் அம்மோனியாவில் விஷமான பகுதி ஆறேழு மடங்காகும், யூரியா போட்ட குட்டையில் எனக்கு இருக்கிற பயமே அதுதான். ரிசர்வாயர் குட்டை இருந்தால் ஆற்றுத் தண்ணீரை அதில் ஏற்றி, பிளீச்சிங் போட்டு, அது அடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மழைக்குப் பிறகு வருகிற ஆற்றுத் தண்ணீரில் சிலிக்கா இருக்கும். பிளீச்சிங் டயாட்டத்தைக் கொல்லும், சிலிக்காவை ஒன்றும் செய்யாது. பிறகு தெற்குக் குட்டையிலிருந்து நல்ல பழுப்புத் தண்ணீரை எடுத்து வடக்கில் விடுங்கள், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. தெற்கில் நோய் எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். சிலிக்கேட் போடுவதென்றால் தண்ணீரை டெஸ்ட் செய்துவிட்டுச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு அளவு சொல்ல மாட்டேன்.

---

உப்பனாறு:

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் பச்சை ஒரு ராத்திரி பாதி செத்து விழுந்தது, மூணுபோகம் அண்ணன் சொன்ன மாதிரி விடிகாலை மூன்று மணிக்கு இறால் கரையோரம் வந்துவிட்டது. ஏரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் கையளவுதான் சேதம். அப்புறம் சொன்னபடி தண்ணீர் மாற்றி, தெற்கிலிருந்து மோட்டாரில் இரண்டு மணி நேரம் உறை ஊற்றினேன். சிலிக்கேட் போடவில்லை. இப்போது வடக்கு பழுப்பும் இல்லை பச்சையும் இல்லை, பாசிப்பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி. ட்ரே காலியாகிறது.

அக்கா மகள் பரீட்சை முடித்து ஞாயிற்றுக்கிழமை வந்தாள், கல்லூரியிலிருந்து சின்ன மைக்ராஸ்கோப் ஒன்று கேட்டு வாங்கி வந்திருந்தாள். தெற்குத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொன்னாள். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு பழுப்பாகச் சதுரம் சதுரமாக ஒன்றோடொன்று ஒட்டிய சங்கிலி, ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் இறால் மீசை மாதிரி நீள முள். கீட்டோசிராஸ் என்றாள். ஹேட்சரியில் என் குஞ்சுகள் தின்று வளர்ந்ததே இதைத்தான் என்றும் சொன்னாள். வடக்குத் தண்ணீரில் அதே சங்கிலி இரண்டோ மூன்றோதான், நடுவே பச்சை உருண்டைகள் கூட்டமாக.

பாலிஅமைன் விஷயத்தைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தாளா என்று கேட்டேன். "இல்ல மாமா, யூரியா போட்டுடாதீங்கன்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

மிச்ச யூரியா சம்பாவுக்குப் போய்விட்டது.